வந்த நேரம்

அம்மன் கோயிலுக்குப் போவதற்காகப் பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு மாமியாரும், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மருமகளும் இருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஊர்க்காரியிடம் மாமியார் சொன்னாள்:

"இவ வந்த நேரம், வலையில ஒரு எறா கூட மாட்டல. அதான் அம்மா வூட்லயே வுட்டுட்டு வரப் போறேன்."

"ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்த மண்ணு மூடிக்கிச்சு, ஊருக்கே மீன் இல்லக்கா. ஊரே இவளையா கட்டிக்கினு வந்துச்சு?"

"மண்ணுதான்னு எனக்குந் தெரியும்டி."

"தெரிஞ்சா இந்தப் பொண்ண ஏன் இழுத்துக்கினு போற?"

"வயிறு எரியுதே, யாரையாவது திட்டணும் இல்ல? மண்ணத் திட்டுனா அது அழுவுமா?"

தாயே, அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்தியபடி அழுதுகொண்டுதான் இருந்தாள்.