பத்தாவது புத்தகத்தில் என் முகம்

தேநீரில் எனக்கு அரைக் கரண்டி சர்க்கரை போதும், ஐயா. கேட்டுப் போடச் சொன்னீர்களே, அதை மறக்க மாட்டேன். இப்படிப்பட்ட சின்ன உதவிகளில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான்.

என் தங்கையின் கணவர் ஓவியர். பழைய துப்பறியும் நாவல்களை நாங்கள் இருவரும் சித்திரக்கதைகளாக மாற்றி வந்தோம். முந்நூறு பக்க நாவலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நான் எழுதிக் கொடுப்பேன், மாப்பிள்ளை வரைவார். ஆள் எதிரே நிற்காவிட்டால் அவருக்குக் கை ஓடாது. அதனால் மழைக்கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் துப்பறிவாளனாக நான் நிற்பேன்.

"மச்சான், அடி வாங்கின மாதிரி நில்லுங்க."

"உங்க வீட்டுச் சாப்பாட்ட இப்பதானே சாப்பிட்டேன் மாப்ள, அது தானா வரும்."

"ரெண்டு பேருக்கும் நாளையிலேருந்து பட்டினிதான்" என்று அடுப்படியிலிருந்து தங்கையின் குரல் வரும்.

ஒன்பது புத்தகங்கள். ஒன்பதிலும் துப்பறிவாளனுக்கு என் முகம். புத்தகக் கடையில் முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். குடும்பம் இல்லாத தனி ஆள் நான். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு மாப்பிள்ளைக்குக் கண்ணில் அழுத்தம் கூடியது. காலையும் மாலையும் ஒரு சொட்டு மருந்து விட்டால் இருக்கிற பார்வை நிற்கும், விடாவிட்டால் போய்விடும், போனது திரும்பாது என்றார் மருத்துவர். தங்கை வேலைக்குப் போகிறவள். "அண்ணா, நீங்க விட்டாத்தான் அவர் ஆடாம உக்காருறார்" என்றாள். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

பத்தாவது நாவலில் துப்பறிவாளனை அவனுடைய உயிர் நண்பனே காட்டிக்கொடுக்கிறான். ஒரு காலை மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தபோது மேசையில் பென்சில் பக்கங்களைப் பார்த்தேன். துப்பறிவாளனின் முகம் முழுக்கத் தொப்பியின் நிழலில் கிடந்தது. அது யாராகவும் இருக்கலாம். காட்டிக்கொடுக்கிற நண்பனுக்குத்தான் என் முகம். என் தாடை, என் புருவத்துத் தழும்பு, கட்டத்துக்குக் கட்டம்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாரையும் சங்கடப்படுத்துவது எனக்குப் பிடிக்காது.

மறுநாள் முதல் மருந்துப் புட்டியில் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் இருந்தது. கொதிக்கவைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் கிருமி எதுவும் போய்விடக் கூடாதே.

ஏழு மாதம். ஒரு வேளைகூடத் தவறவில்லை. சொட்டு விட்டபின் கன்னத்தில் வழிவதைக் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பேன்.

"மச்சான், கட்டத்தோட ஓரம் தெரியவே மாட்டேங்குது" என்பார்.

"வயசாகுது மாப்ள" என்பேன்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் கைவிரித்த அன்று, மாப்பிள்ளை தடவித் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புத்தகத்த எப்படியோ முடிச்சிட்டேன் மச்சான். திட்டாதீங்க, உங்களத்தான் கெட்டவனாக்கிட்டேன். இந்தக் கதையில அந்த நண்பன் முகம்தான் பக்கத்துக்குப் பக்கம் தெரியணும். எனக்கு ஆரம்பத்துலேயே கண்ணு மங்கிடுச்சு. பாக்காமலே வரைய வர்ற முகம் உங்களோடது மட்டும்தான்."

பக்கத்தில் தங்கை அழுதுகொண்டிருந்தாள். நான் அவருடைய கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

மருத்துவர் கேட்டார் என்று அவள்தான் புட்டியைப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆம் ஐயா, மருந்தைக் கொட்டியவன் நான்தான், தண்ணீர் ஊற்றியவனும் நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

ஆனால் ஒன்று. அந்தக் காரணத்தை அவர் முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கலாம். தினமும் நம்மை நம்பி எதிரே உட்காருகிற மனிதனிடம் எதையாவது மறைக்க எப்படித்தான் மனம் வருகிறதோ.