லாரிப் பெயின்ட் அடிச்ச ஸ்கீ குச்சி

தொடுங்க தம்பி, ஒண்ணும் ஆவாது. காஞ்சு மூணு வாரம் ஆச்சு. நீங்க சொன்னது ரொம்பக் கரெக்ட்டுங்க, லாரியேதான். காலையிலிருந்து இந்தப் பக்கம் போறவங்க எல்லாம் நின்னு பாத்துட்டு, ஆப்பிரிக்காவா, மெக்சிகோவான்னு கேட்டுட்டுப் போறாங்க. ஒருத்தன் இது என்ன பாம்புன்னு கேட்டான். ஸ்கீ குச்சியில திருச்செங்கோட்டு லாரியக் கண்டுபுடிச்ச மொத ஆளு நீங்கதான். எந்த ஊருங்க? சேலமா! அதானே பாத்தேன். உக்காருங்க, உக்காருங்க. கூட வந்த பசங்க எல்லாம் மேல போயிட்டாங்களா? உங்களுக்குப் பயமுங்களா? வெக்கப்படாதீங்க, நானும் அதே கட்சிதான். ஒண்ணே ஒண்ணு, நான் இந்தப் பனி மலையப் பாத்துக்கிட்டேதான் பேசுவனுங்க. மூஞ்சி குடுத்துப் பேசலைன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு மேல இருக்கறா.

இன்னொரு குச்சியா? அது அவ கையில இருக்குதுங்க. அது ஒரு பெரிய பஞ்சாயத்து, சொல்றேன்.

என் பேரு மயில்சாமிங்க. சான்டா கிளாராவுல டேட்டாபேஸ் வேலை. ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் நின்னுரும்ங்கற இந்த ஒய்-டூ-கே எழவுல மூணு மாசமா சோறில்ல, தூக்கமில்ல. முப்பத்தொண்ணாந்தேதி ஆபீஸ்லயே படுக்கோணும். உலகம் அழிஞ்சுதுன்னா மொத பேஜர் எனக்குத்தான் அடிக்கும். ஆனா மேனேஜர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டனுங்க, உலகம் அழியறதா இருந்தா கிறிஸ்மஸ் வாரம் அஞ்சு நாள் தள்ளி அழியட்டும், யாமினி வர்றான்னு. யாமினி நம்ம பொண்ணு. பதிமூணு வயசு. நியூ ஜெர்சியில, மான்மவுத் ஜங்ஷன்ல அவங்கம்மா கூட இருக்கறா.

ஆமாங்க, அவங்கம்மாவுக்கு அங்க வேலை. இல்லீங்க, உங்ககிட்ட என்னத்துக்கு இழுத்துக்கிட்டு. டைவர்ஸ்ங்க. நாலு வருஷம் ஆச்சு. அட, நீங்க ஏன் சாரி சொல்றீங்க, நீங்களா பண்ணி வெச்சீங்க? தாமரைச்செல்வி நல்ல பொம்பளைங்க. நானும் அவ்வளவு மோசமில்ல. ரெண்டு நல்லவங்க ஒரே அபார்ட்மெண்ட்ல இருக்க முடியல. ஞாயித்துக்கிழமை போன், வருஷத்துக்கு ஒருக்கா அஞ்சு நாள் பொண்ணு. அந்த அஞ்சு நாளும் பொண்ணுக்கு ஸ்கீதான் வேணும்.

நானா? போன வருஷம் கால்ல மாட்டிப் பாத்தனுங்க. நின்ன எடத்துலயே விழுந்தேன். எந்திரிச்சேன், விழுந்தேன். நாலு வயசுப் புள்ளைங்க என்னையச் சுத்திக்கிட்டுப் போகுதுங்க. பெஞ்சே போதும்னுட்டேன்.

குச்சிக் கதைக்கு வர்றேன். ஆகஸ்ட்ல சான் ஹோசே ஃப்ளீ மார்க்கெட்ல, பழைய சாமான் சந்தையில, இந்த ஜோடி கெடந்துதுங்க. வெறும் அலுமினியம். எங்கப்பா லாரி ஓனருங்க. பள்ளிக்கூடம் லீவு விட்டா நான் பாடி கட்டற பட்டறையிலதான் கெடப்பேன். நாகரத்தினம்னு ஒரு பெயின்டர், ஸ்கேல் வெக்காம கோடு இழுப்பாரு. அவரப் பக்கத்துல நின்னு அஞ்சாறு வருஷம் பாத்திருக்கேன். அதனால எனக்கும் வரும்னு நெனச்சிட்டேன். பாக்கறதுக்கும் பண்றதுக்கும் இருக்கற தூரம் பாத்ரூம்ல தெரிஞ்சுதுங்க.

பாத்ரூம்தான். பால்கனியில பெயின்ட் அடிச்சா அபார்ட்மெண்ட் மேனேஜர் லெட்டர் அனுப்பறா. ஷவர் கம்பியில குச்சிய ரெண்டையும் கட்டித் தொங்கவிட்டு, எனாமலை நேரா பூசிட்டேன். நாலாம் நாள் பாத்தா வெங்காயத் தோலாட்டம் உரிஞ்சு வருது. ஹார்ட்வேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க ஒரு பெரியவர், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சியா, பிரைமர் அடிச்சியான்னு கேக்கறாரு. இல்லைன்னேன். மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடாம காய்ச்சல் போகலைன்னு வந்து நிக்கறவன டாக்டர் பாப்பாரே, அப்பிடி ஒரு பார்வை பாத்தாருங்க.

மறுபடி மொதல்லருந்து. தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, மஞ்சள் அடிச்சு, செவப்பு முக்கோணம் போட்டு. ரெண்டு வாரம் ஆபீஸ் ஜிம்லதான் குளிச்சேன். ஜிம்முக்கு வந்து குளிக்க மட்டும் செய்யற ஆளு நான் ஒருத்தன்தான். இதோ, இது தாமரைங்க. இல்லீங்க, காலிஃப்ளவர் இல்ல, தாமரை. இது மயில். ஓணான் மாதிரியா? குச்சியில அகலம் எங்கங்க இருக்குது, மயிலுக்குத் தோகை விரிக்கறதுக்கு? கைப்பிடியில கறுப்புக் குஞ்சம், ஷூ லேஸ்ல பின்னுனது. அப்புறம் மேலருந்து கீழ ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுத்து. யா, மி, னி. எங்கப்பா லாரி நெத்தியில என் பேருதானுங்க இருக்கும். புள்ளைங்க பேரு போடாத வண்டி நம்மூர்ல ஏது? அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்த டிசைன் க்யூட்டா இருக்குங்கறா. அது உன் பேருடா கண்ணுன்னேன்.

ஒரு நிமிஷங்க. ஒரு நிமிஷம். அங்க பாருங்க, அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல, மஞ்சளா ஆடுது பாருங்க! யாமினீ! யாமினீ! பாத்துட்டா. கையத் தூக்க மாட்டா, குச்சிய லேசா ஒரு இஞ்சு தூக்குவா, அதான் நமக்கு ஹலோ. அவ்வளவுதான், திரும்ப மேல ஏத்திவிடற நாற்காலி லிஃப்ட்டுக்குப் போயிட்டா. எப்பிடி எறங்குனா பாத்தீங்களா, எண்ணெயில வழுக்குன மாதிரி!

ஆமா, எதுல விட்டேன்? பஞ்சாயத்து. இன்னிக்குக் காலையில வந்து எறங்குனோம். புது வண்டிக்குப் பூஜை போடாம ரோட்டுல எறக்கலாமுங்களா, நீங்களே சொல்லுங்க. அவ ஸ்கீய மாட்டுனதும் ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் வெச்சு, ஏறி நசுக்கிட்டுப் போ சாமின்னேன். டாட், ப்ளீஸ்ங்கறா. குச்சிக்குப் பொட்டு வெக்கலாம்னு குங்கும டப்பாவத் தெறந்தனுங்க. கை பூரா க்ளவுஸு. மேல ஒரு காத்து. கால் கிலோ குங்குமம், மொத்தமும் பனியில. வெள்ளை வெளேர்னு இருக்கற எடத்துல குங்குமம் கொட்டுனா எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. நானோ அது நடுவுல மண்டி போட்டு அள்ளிக்கிட்டு இருக்கறேன். ஒரு வெள்ளக்காரம்மா வீல்னு கத்துச்சு. செவப்பு ஜாக்கெட் போட்ட ஸ்கீ பேட்ரோல் ஆளுங்க ரெண்டு பேரு, ஆளத் தூக்கிப் போட்டு இழுத்துட்டுப் போற சறுக்கு வண்டியோட பறந்து வர்றாங்க.

அடி பட்டவங்க யாருன்னாங்க. யாருமில்ல, இது சாமிக்கு வெக்கற பவுடர்ன்னேன். எலுமிச்சம்பழத்தப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. சார், எதுக்கும் கொஞ்சம் படுங்கன்னாங்க. படுத்தனுங்க, வேற என்ன பண்ணச் சொல்றீங்க? மண்டையில அடியோன்னு ஒருத்தன் கண்ணுல டார்ச் அடிச்சு, இன்னிக்கு என்ன கிழமை, பிரசிடெண்ட் யாருன்னு பரீட்சை வெக்கறான். யாமினி இருபதடி தள்ளி நிக்கறா, இந்த ஆளு யாருன்னே தெரியாதுங்கற மாதிரி.

அப்புறம் என்ன. குச்சி வேண்டவே வேண்டாம், வாடகைக்குத் தர்ற சாம்பல் கலர் குச்சியே போதும்னுட்டா.  ஆகஸ்ட்லருந்து அடிச்சதுங்க தம்பி. ரெண்டு குச்சியையும் மடியில வெச்சுக்கிட்டுப் பெஞ்சுல உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பி வந்தா. ஒன்லி ஒன், டாட்ங்கறா. ரெண்டுன்னேன். ஒன்னுங்கறா. காலையில ரெண்டு, மத்தியானம் ஒண்ணுன்னேன். டாட், டோன்ட் புஷ் இட்ன்னா. சரி சாமின்னு ஒண்ணக் குடுத்தனுப்பினேன். ஒரு கையில திருச்செங்கோடு, இன்னொரு கையில வாடகைக் குச்சி.

கடையில வாங்கிக் குடுத்திருக்கலாமா? நல்ல நல்ல கலர்ல வருதா? அழகுக்குன்னா வாங்கியிருக்கலாமுங்க.

போன வருஷமும் இதே பெஞ்சுதான். அவளுக்கு நீல ஜாக்கெட், தொப்பி, மூஞ்சி முழுக்க அந்தப் பெரிய கண்ணாடி. மேலருந்து நீல ஜாக்கெட் வந்துது. நான் எந்திரிச்சு நின்னு கைய ஆட்டுனேன். வீடியோ கேமராவ எடுத்தேன். இருவது நிமிஷம் படம் புடிச்சனுங்க. என் பொண்ணப் பாருங்க, எப்பிடி வளைக்கறா பாருங்கன்னு பேசிப் பேசிப் புடிச்சேன். கிட்ட வந்து கண்ணாடியக் கழட்டுனா வேற ஏதோ புள்ளை. சைனாக்காரங்க வீட்டுப் புள்ளை. பக்கத்துல நிக்கறவரு அதோட அப்பன், என்னைய ஒரு மாதிரி பாக்கறாரு. அப்ப பின்னாடியிருந்து யாமினி முதுகத் தொட்டு, போலாமா டாட்ன்னா. இப்பத்தான் வந்தா போலன்னு நெனச்சுக்கிட்டேன். நல்லவேளை, பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன். ராத்திரியே அந்த டேப்ப அழிச்சிட்டேன். ஒரு வருஷத்துல நாலு இஞ்சு வளந்திருந்தாளுங்க. ஆனா அதுக்காக? பெத்த புள்ளைய அடையாளம் தெரியாதுங்களா ஒருத்தனுக்கு?

அதுக்குத்தான் மஞ்சளும் செவப்பும். அவகிட்ட இதெல்லாம் சொல்லல. நம்மூரு ஆர்ட்டு, கல்ச்சருன்னு என்னமோ சொல்லி வெச்சேன்.

காலையில அந்த ஒத்தக் குச்சிய வாங்கிட்டு நாலடி போனவ, திரும்புனா. அவ தமிழ்ல பேசி வருஷக்கணக்காச்சுங்க. தமிழ்லயே சொல்றா. போன வருஷம் நான் உங்க பின்னாடிதான்ப்பா நின்னேன், முதல்ல இருந்தே நின்னேன், இந்த வாட்டி கண்டுபுடிச்சிருவீங்கல்லன்னு.

சொல்லிட்டு லிஃப்ட்ல ஏறிப் போயிட்டா. பத்து மணிக்கு. இப்ப நீங்க பாத்தீங்களே, அது ஏழாவது தடவை எறங்குனது. ஏழு தடவையும் அவ பாக்கறதுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன்.

மணி என்னங்க, ஒண்ணரையா? ஒரு சின்ன ஒத்தாசைங்க தம்பி. பத்து மணியிலிருந்து நான் பாத்ரூம்கூடப் போகல. ரெண்டே நிமிஷம், அந்த மரத்துப் பக்கம் மஞ்சளா ஏதாச்சும் வருதான்னு நீங்க கொஞ்சம் பாத்துக்கறீங்களா?

இல்ல, வேண்டாங்க. வேண்டாம். அடக்கிக்கறேன்.