ஊசி முனைச் சொட்டு

எங்கள் தெருவில் யார் வீட்டில் மீன் குழம்பு, யார் வீட்டில் வெறும் ரசம் என்று கேட்காமலே சொல்லிவிடுவேன், ஐயா. புதுவாயலில் ‘செண்பகத்துக்குத் தெரியாததா’ என்றுதான் பேச்சு. அப்படியிருக்க, என் வீட்டு முன்கட்டில் குடியிருந்தவன் என்ன செய்கிறான் என்று ஜன்னல் வழியே பார்த்தது தப்பா?

தணிகாசலம் பள்ளிப்பட்டுப் பையன். சுனாமிக்கு மறு வருஷம் வந்தான். கம்பெனிக் கழிவு கலந்த தண்ணீரைச் சோதிக்கிற வேலை. அவனே விளக்கினான்: குப்பித் தண்ணீருக்குள் ஊசியை இறக்கி, முனையில் ஒரே ஒரு சொட்டுக் கரைப்பானைத் தொங்கவிடுவானாம். கண்ணுக்குத் தெரியாமல் கலந்து கிடக்கிற விஷம் கால் மணி நேரத்தில் அந்தச் சொட்டுக்குள் வந்து சேருமாம். பிறகு சொட்டைத் திரும்ப ஊசிக்குள் இழுத்துக் கருவியில் செலுத்தினால் என்ன விஷம், எவ்வளவு என்று வந்துவிடும். அதுவரை பெண் பார்க்கப் போனவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்து, “உங்க கெணத்துலதான்க்கா பென்சீன் கீது, ரத்தத்தையே ஊற வுடாத வெஷம். நாளைக்குத் தெருவுல சொல்லிட்றேன், யாரும் குடிக்க வாணாம்” என்றான்.

எங்கள் தெருக் கங்கம்மாவின் மூத்த பெண் ரத்தம் ஊறாமல் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தெருவே குடிப்பது என் கிணற்றுத் தண்ணீர். அதில் பெயிண்ட் வாடை அடிக்கிறதென்று கங்கம்மா ஆடியிலேயே சொன்னாள். உன் மூக்குதான் சரியில்லை என்று அனுப்பிவைத்தது நான். இப்போது விஷயம் தெரிந்தால் அவள் புருஷன் சேகர் யாரை வெட்டுவான், நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே முந்திக்கொண்டேன். மீன் வாங்குகிற இடத்தில் கங்கம்மாவிடம் சொன்னேன்: “அந்தப் பையன் ஊசியால தண்ணியில மருந்து வுட்டுக்கினு கீறான். என் கண்ணால பார்த்தேன்.”

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? திரும்ப இழுத்துக்கொள்வதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் இரும்புக் கம்பிகளோடு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவன் அப்போதுதான் ஊசியை இறக்கியிருந்தான். நிமிராமலே, “மேசைய ஆட்டாதீங்கண்ணா, சொட்டு வுழுந்துடும்” என்றான். அதற்குமேல் யாருக்குச் சாட்சி வேண்டும்? சேகர் முதலில் அந்தக் கையை உடைத்தான். பிறகு உடைந்த குப்பிகளின் மேலேயே போட்டு மிதித்தார்கள். இரண்டு கட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவுக்கு ஊர்ந்து வந்து, “திரும்ப இஸ்துக்குவேன்னு சொல்லுங்கக்கா” என்றான். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கம்பி இறங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கதவுக்கடியில் ரத்தம் வந்தபோது சாக்கை மடித்துப் போட்டேன்.

கிணறா? அதற்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறது. நேற்றுகூடக் கங்கம்மாவின் இளைய பெண் குடத்தோடு வந்தாள். பாவம், குழந்தையாயிற்றே என்று நானே இறைத்து ஊற்றினேன். எனக்கு மட்டும் இப்போது கேன் தண்ணீர். வயசாகிறதில்லையா, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?