ஊர் கேட்டு வந்தவர்கள்

சமயநல்லூர் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம், "எனக்குச் சொந்த ஊரே கிடையாதுக்கா" என்றாள்.

"ஊரு இல்லாம எப்படித்தா இருக்கும்?"

"அப்பா பட்டாளத்துல இருந்தாரு. நான் பொறந்தது அம்பாலா, படிச்சது ஜபல்பூர், பூனா. நேத்துப் பொண்ணு பாக்க வந்தவங்களும், ஊரு தெரியாத குடும்பத்துல எப்படிச் சம்பந்தம் பண்றதுன்னு கேட்டாங்க. அப்பா தலையக் குனிஞ்சிட்டாரு. எனக்குப் பொறுக்கல."

"என்னத்தா சொன்ன?"

"எங்கப்பா எல்லா ஊருக்கும் சேத்துத்தான் காவல் காத்தாரு, அதுல உங்க ஊரும் ஒண்ணு, கிளம்புங்கன்னுட்டேன்."

"ஆத்தி, இம்புட்டு வாயா? அப்பா வையலையா?"

"இல்லக்கா. அவங்களுக்குப் போட்ட காப்பிய நாங்க ரெண்டு பேரும் குடிச்சோம்."