வீரம்மாவுக்கு இரண்டு நிமிட மௌனம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இருபத்திரண்டு பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றுவது லேசான வேலை இல்லை. ஒருவர் ஸ்வெட்டரை மறந்திருப்பார். ஒருவர் மாத்திரையை மறந்திருப்பார். இன்னொருவர் அன்றைக்குப் பயணம் என்பதையே மறந்து வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருப்பார். ஹட்டன் கலை உலா வட்டத்தின் செயலாளராக ஒன்பது வருடம் இதைச் செய்தேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நிஷாந்தி, எனக்குப் பிறகு செயலாளராக வந்திருக்கும் நீங்கள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதில் தவறில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வரி. பெயர் துரைராசா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஹட்டனில் முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்து, ஓய்வுக்குப் பிறகும் ஊர் திரும்பாதவன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறுகளில் வட்டத்தாரை எங்காவது கூட்டிப்போவேன். நுவரெலியாவில் நாட்டிய நாடகம், கண்டியில் ஓவியக் கண்காட்சி, ஏதாவது தோட்டத்தில் கூத்து. போகும் வழியில் அன்றைய கலையைப் பற்றிச் சிறியதொரு அறிமுக உரை நிகழ்த்துவேன். நாற்பது நிமிடம்தான். பலர் கண்களை மூடிக்கொண்டு கேட்பார்கள். கவனத்தைக் குவிக்க அது நல்ல வழி.

வீரம்மாவை நான் சேர்க்கவில்லை. அவராகவே ஏறினார். போன ஜனவரியில் லிந்துலையில் தேநீர் குடிக்க பஸ்ஸை நிறுத்தியிருந்தோம். குடையும் கையுமாக ஓர் அம்மா வந்து நின்றார்.

"எல்லாரும் எங்கங்க போறீங்க?"

நாட்டிய நாடகம் பார்க்க என்றார் மருந்துக்கடை கந்தப்பன்.

"எடம் இருக்குங்களா?"

இடம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவராம். புருசன் இல்லை. பட்டன் போன் ஒன்று வைத்திருந்தார். வாட்ஸ்அப் கிடையாது. ஆகவே அவருடைய விலாசமும் இலக்கமும் என் பதிவேட்டில் மட்டுமே இருந்தன.

அன்றைக்கு மேடையில் ஒரு பெண் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நெடுநேரம் அசையாமல் நின்றாள். அது சதியை இழந்த சிவனின் துயரம், அசைவே துறந்த நிலை என்று பக்கத்திலிருந்தவர்களுக்கு மெல்லிய குரலில் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வீரம்மா குனிந்தார்.

"சேர், அந்தப் புள்ளைக்கு சலங்க அவுந்துருச்சுங்க. கால கீழ வச்சா கொட்டிப்போயிரும்னு நிக்குது."

சற்று நேரத்தில் சலங்கை கழன்று விழுந்து மணிகள் மேடையெங்கும் உருண்டன. வரிசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்களே பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் வீரம்மாவுக்குப் பக்கத்து ஆசனத்துக்குப் போட்டி வந்தது. அவருக்கு எல்லாவற்றிலும் ஏதாவது தென்படும். மிருதங்கக்காரரின் மீசை ஒரு பக்கம் மட்டும் சாயம் பூசியது என்பார். ஓவியத்தில் இருக்கும் மாட்டுக்குப் பால் கறக்க நேரமாகிவிட்டது என்பார். மார்ச் மாதப் பயணத்தில் என் அறிமுக உரையின் நடுவே கந்தப்பன் கை உயர்த்தினார். கேள்வி கேட்கப்போகிறார் என்று மகிழ்ந்தேன்.

"சேர், கொஞ்சம் மெதுவா பேசுங்க. வீரம்மா சொல்றது கேக்க மாட்டேங்குது."

வட்டம் என்பது கலைக்காக என்பதை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்தது.

ஏப்ரலில் வீரம்மாவிடம் பஸ் எட்டரைக்கு வரும் என்றேன். பஸ் லிந்துலையை எட்டு மணிக்கே கடந்தது. அவருக்குக் காய்ச்சல் என்று உங்களிடம் சொன்னேன். அன்று நல்ல மழை. நண்பகல் வரை சந்தியில் நின்றாராம். மாலையில் எனக்குப் போன் எடுத்தார்.

"பஸ் வரவே இல்லீங்களே சேர். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

பயணம் ரத்தாகிவிட்டது என்றேன். அடுத்த மாதம், வட்டத்தையே கலைத்துவிட்டோம் என்றேன்.

"நல்ல சனங்களாச்சே. ஏன் கலைச்சீங்க?"

மக்களுக்குக் கலையில் ஆர்வம் குறைந்துவிட்டது என்றேன். இதில் பொய் அதிகமில்லை.

உங்களுக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கொழும்பில் மகனுடன் போய்க் குடியேறிவிட்டார் என்றேன். அவருக்கு மகன் இல்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஜூலைப் பயணத்தைக் கொழும்புக்கு வைத்து வீரம்மாவைப் பார்த்துவரலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். கந்தப்பனின் மனைவி அவருக்காக ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினார். கொழும்புக்கு ரயில் இருக்கிறது. ஆகவே ரயில் போகாத இடமொன்று தேவைப்பட்டது.

ஜூன் முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டேன். 'நம் அன்புக்குரிய வீரம்மா கொழும்பில் காலமானார். இறுதிக் கிரியைகள் நடந்து முடிந்தன.' இரண்டாவது வரி உங்களுக்கு வீண் அலைச்சல் வேண்டாம் என்பதற்காக.

கவனித்துப் பாருங்கள், நான் யாரையும் கொல்லவில்லை. இறந்துவிட்டார் என்று உங்களுக்கு அறிவித்தேன், கலைந்துவிட்டது என்று அவருக்கு அறிவித்தேன். அவர் உங்களை நினைத்து வருந்தினார், நீங்கள் அவரை நினைத்து வருந்தினீர்கள். இரு பக்கமும் சமமாகத்தான் இருந்தது.

கண்ணீர் அஞ்சலி பேனர் கந்தப்பனின் யோசனை. நான் எதிர்த்தேன். கலை வட்டத்துக்கு அது அழகில்லை என்றேன். நீங்கள் எல்லோரும் கேட்கவில்லை. குழுப் படத்திலிருந்து வீரம்மாவின் சிரித்த முகத்தை வெட்டியெடுத்து, கொழும்பில் காலமானார் என்று எழுதி, வியாழக்கிழமை ஹட்டன் பஸ் நிலையத்தில் கட்டினீர்கள். பேஸ்புக்கிலும் போட்டீர்கள்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம். ஏழு பக்கத்தில் உரை எழுதிச் சென்றிருந்தேன். அதை எழுதிய மூன்று நாளும் வீரம்மாவை மனதார விரும்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த மீசை, அந்த மாடு, எல்லாம் உரையில் இருந்தன. நான் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள், பிறகு அழுதீர்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒருவரும் கண்ணை மூடவில்லை.

நான்காம் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தேன். கடைசி வரிசைக் கதிரையில், குடையை மடியில் வைத்தபடி வீரம்மா இருந்தார். கண்ணாடி வாங்க ஹட்டனுக்கு வந்தவர் பேனரைப் பார்த்துவிட்டு, விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். நீங்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது எனக்கு அபூர்வமான அனுபவம். அதைக் குலைக்க மனம் வரவில்லை. நான்காம் பக்கத்தைப் படித்து முடித்தேன். பிறகு எல்லோரையும் எழுந்து, கண்களை மூடி, இரண்டு நிமிடம் மௌனம் காக்கும்படி கேட்டுக்கொண்டேன். நீங்கள் எழுந்தீர்கள். வீரம்மாவும் எழுந்து கண்களை மூடிக்கொண்டார்.

சத்தமில்லாமல் அவரிடம் போனேன்.

"வீரம்மா, தயவுசெய்து வெளியில போங்கோ. பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

அவர் கண் திறக்கவில்லை. "ரெண்டு நிமிசம் முடியட்டுங்க சேர்," என்றார். அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது.

அதுவரை எல்லாம் சமாளிக்கக்கூடியதாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். தலை வாரவில்லை. ஒரு காலில் செருப்பு அறுந்திருந்தது. கையிலிருந்த போனில் அந்தப் பேனரின் படம்.

"எங்கம்மாவ எங்க பொதைச்சீங்க?" என்று என்னிடம்தான் கேட்டாள். "யாரு மண்ணு போட்டா? எனக்கு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

வீரம்மாவின் ஒரே மகள், சுதர்ஷினி. கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டதால் தாயும் மகளும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. தாயின் புதிய போன் இலக்கம்கூட அவளிடம் இல்லை. கொழும்பில் காலமானார் என்று படித்தவள், வியாழன் முதல் கொழும்பில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, பிணவறைகளில் தாயின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எங்கும் இல்லை என்றதும் பேனரில் இருந்த ஊருக்கு ரயில் ஏறியிருக்கிறாள்.

"சுதா," என்றார் வீரம்மா.

மகள் திரும்பிப் பார்த்தாள். தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அவளால் எழும்ப முடியவில்லை. அழவும் இல்லை. தாயின் பாதங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் நீங்கள் எல்லோரும் கண்களைத் திறந்து திரும்பியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நடந்த கூச்சலை நான் எழுத வேண்டியதில்லை.

உங்களுக்குக் கேட்காத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். மகளைத் தூக்கிப் பிடித்தபடி வீரம்மா என்னிடம் சொன்னார்.

"எனக்குச் செஞ்சத வச்சு நான் சிரிச்சுக்கிட்டேன் சேர். எம்புள்ள பொணக் கெடங்குல போயி தேடியிருக்கு. இதுக்கு எப்பிடிங்க சிரிக்கிறது?"

கேள்வி எனக்கானதாகத் தெரியவில்லை.

நிஷாந்தி, உங்கள் கடிதத்தில் அந்த நான்கு நாளைப் பற்றித்தான் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். தாயும் மகளும் இப்போது தினமும் போனில் பேசுகிறார்களாம். இரண்டு வருடமாக ஒருவராலும் செய்ய முடியாத காரியம் அது. எனக்கு நன்றி வேண்டாம். விசாரணையில் அதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும்.

மற்றபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். நேரத்தை மாற்றிச் சொன்னது நான். வட்டம் கலைந்தது என்றது நான். உயிரோடிருந்தவரை இறந்தவர் என்று அறிவித்தது நான். வட்டத்தின் உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் விலகும் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். அன்றைய உரையில் மூன்று பக்கங்கள் படிக்கப்படாமல் நின்றுவிட்டன. நான் எழுதியவற்றில் அவைதான் சிறந்தவை. இந்த ஊர் ஈரத்துக்குக் காகிதம் தாங்காது என்பதால் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். வீரம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. எனக்கு அறுபத்து நான்குதான். நேரம் வரும்போது சொல்லி அனுப்புங்கள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.