துப்பாக்கியில் இருந்த சிங்கம்

"அண்ணே, நம்ம துப்பாக்கில சிங்கம்லா இருக்கு."

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் புளியங்குடி வண்டி கிளம்பாமல் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் அண்ணனும் தம்பியும். தம்பி செல்போனில் ஒரு பழைய ரிவால்வரின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் கால் ஆட்டம் நிற்கவே இல்லை.

"இருந்தா இருக்கட்டும்ல."

"வெள்ளக்காரன் காலத்துத் துப்பாக்கின்னா கிரீடம் குத்தியிருப்பானாம். மூணு சிங்கம் இருந்தா சுதந்திரத்துக்குப் பெறவு செஞ்சதுன்னு ரிப்பேர் கடைக்காரர் சொல்லுதாரு."

"ஏலே, அது வெள்ளக்காரத் தொர நம்ம தாத்தாவுக்குக் குடுத்தது."

"அப்படித்தான் கோர்ட்டுலயும் எழுதிக் குடுத்திருக்கோம். அத வச்சுத்தான் கோயில் கொடை விழாவுல மொத மரியாத நமக்குன்னு கேக்கோம்."

அண்ணன் சன்னல் கண்ணாடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ஜட்ஜு என்னைக்குக் கொண்டாரச் சொன்னாரு?"

"நாளைக்கு."

வண்டி நகர்ந்தது. அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"அரத்த வச்சு ராவிருவமா?"

"சிங்கத்த ராவிரலாம்ணே. கிரீடத்துக்கு எங்கன போக?"