கொடி ஏறுன அன்னைக்கு

நல்லா எழுதிக்கிடுங்க சார், நான் ஒண்ணும் மறைக்கல. கொடிய ஏத்துனது நாந்தான். பேரு எஸ்றா, வேல கொடிக்காரன், சொந்த ஊரு நாசரேத்து. மேலருந்து உத்தரவு வந்துச்சான்னு கேக்கிய. வரல. அன்னைக்கு ராக்கெட் உண்டுமான்னு கேக்கிய. எப்பிடி சார் இருக்கும்? ஜன்னல் வழியா பாருங்க. அந்தா, சிமெண்டு மேடை தெரியுதுல்லா, அதான் ஏவுதளம். நடுவுல நிக்கது ராக்கெட் இல்ல, தானா மொளச்ச முள்ளு மரம், உடைமரம். தளத்த மூடி வருசக்கணக்காச்சு. இப்ப ஆடுதான் ஏறி எறங்குது.

மூடச் சொல்லி டெல்லியிலருந்து உத்தரவு வந்துச்சு. ஆளுகள என்ன செய்யன்னு அதுல ஒண்ணும் இல்ல. அதனால எல்லாரும் இருக்கோம். பெரிய ஆபீசரு இருக்காரு, அவருக்கு ஜீப்பு இருக்கு. போட்டோ எடுக்காதேங்கிற போர்டுக்கு வருசா வருசம் பெயிண்ட் அடிக்கோம். எனக்கும் புதுக் கொடி வந்துருது. செவப்பு. அது ஏறுனா கடல்ல ஒரு மீன்புடி வள்ளம் எறங்கப்படாது. ராக்கெட் உடஞ்சு தலையில விழுந்துட்டுன்னா?

இருங்க சார், ஏன் ஏத்துனேங்கதுக்குத்தான் வாரேன். மொதல்ல இங்கன நடந்ததச் சொல்லிருதேன், அது உங்க ரிப்போர்ட்ல வராது. நான் அப்ப இங்கன இல்ல. எங்க போனேன்னு பொறவு சொல்லுதேன். இதெல்லாம் ஸ்டோர் செல்லப்பாண்டி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

கொடிய மொதல்ல பாத்த செல்லப்பாண்டி என்ன ஏதுன்னு ஒருத்தங்கிட்ட கேட்டிருக்கலாம்லா? கேட்டா தனக்கு மட்டும் தகவல் வரலன்னு ஆயிருமே. பேசாம ஹெல்மெட்ட எல்லாம் எடுத்துத் தொடச்சு வச்சிருக்கான். ஹெல்மெட்டப் பாத்த இஞ்சினியரு, சரி, ரகசிய சோதனை போலன்னு சட்டைய இஸ்திரி போட்டுட்டு வந்துட்டாரு. இஞ்சினியரப் பாத்துப் பெரிய ஆபீசரும் கெளம்பிட்டாரு. அவராவது டெல்லிக்கு ஒரு போன் போட்டாரா? எனக்கே தெரியாம என் தளத்துலருந்து எவன் விடுதான்னு கேட்டா மானம் போயிரும்லா? பைனாகுலரோட பதுங்குகுழிக்குள்ள போயி உக்காந்துட்டாரு. மத்தியானம் வரைக்கும் எல்லாரும் உடைமரத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்காவ சார். கடைசில மேக்க எங்கயோ கல்குவாரில வெடி போட்டான். டமார்னு சத்தம். இஞ்சினியரு கை தட்டுனாரு. ஒடனே அம்புட்டு பேரும் தட்டுனாவ. என்னா வேகம், கண்ணுக்கே ஆப்பிடலியேன்னாராம் ஆபீசரு. கேண்டீன்ல லட்டு வேற. வெற்றின்னு டெல்லிக்குச் செய்தியும் போயிட்டு. அந்தச் செய்தியப் பாத்துட்டுத்தான நீங்களே வந்திருக்கிய?

சிரிங்க சார், பரவால்ல.

இல்ல சார், குடிக்கல. எனக்கு அந்தப் பழக்கம் கெடையாது. யாரும் தூண்டியும் விடல. இந்த ஊர்ல எங்கிட்ட பேசவே ஆளு இல்ல, தூண்டி விட எவன் வருவான்? தளம் ஓடுன காலத்துல நான் கொடி ஏத்துனா கரையில பாதி வீட்ல அடுப்பு எரியாது. கண்ணு முன்னால மீனு துள்ளும், வள்ளத்த எறக்க முடியாது. ராக்கெட்டப் போயி திட்ட முடியுமா? என்னையத் திட்டுவாவ. டீக்கடைக்கு நான் போனா பெஞ்சு காலியாயிரும். அது அப்பிடியே பழகிட்டு.

அன்னைக்கும் விடியக்காலம் ஜேசுதாசன் வந்துட்டான். வள்ளக்காரங்களுக்குத் தலைவன். கொடிக்கம்பத்துக்குக் கீழ நின்னு ஒரே சத்தம். என்ன வே, ராக்கெட்டு ஏது? உடைமரத்தையா விடப் போறீருன்னான். நியாயந்தான? ஜெபகனி போயிட்டா வே, அப்பிடின்னு மட்டும் சொன்னேன்.

என் வீட்டுக்காரி சார். முந்துன நாள் சாயங்காலம். சும்மா உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தா, சாஞ்சிட்டா.

நாசரேத்துக்குக் கொண்டு போயிருக்கலாம், சொந்தக்காரவிய உண்டும். ஆனா எங்க மொதப் புள்ள இங்கன கல்லறையிலதான் கெடக்கான். அவன் பக்கத்துல போட்டுரும்னு சொல்லிட்டே இருப்பா. சர்ச்சு பங்குச்சாமியாரும் எடம் குடுத்துட்டாரு. தூக்க ஆளு வேணும்லா? விடிஞ்சா ஆம்பளையாளுக அம்புட்டும் கடலுக்குப் போயிருவாவ. கரையில இருந்தாலும் எனக்காக எவன் வருவான்? ஆனாலும் இருந்தா, மனசு எரங்கி ஒரு நாலு பேரு... அப்பிடி ஒரு நெனப்பு. எனக்குத் தெரிஞ்சது கொடி ஏத்துதது ஒண்ணுதான் சார்.

ஜேசுதாசன் கொடியப் பாத்தான். என்னையப் பாத்தான். கரைப்பக்கம் எறங்கிப் போனான். சரி, வள்ளத்தத் தள்ளப் போறான்னுதான் நெனச்சேன். அங்கன போயி நின்னுக்கிட்டு, ஏலே, கொடி ஏறிருக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு? ஒருத்தனும் எறங்கப்படாதுலேன்னு ஒரு அதட்டு அதட்டுனான்.

ஒரு வள்ளம் எறங்கல சார். ராக்கெட் இல்லன்னு அங்கன சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

பெட்டிக்குத் தோள் குடுக்க எனக்கே எடம் கெடைக்கல.